பயணம், விளம்பர வேலை, தொண்டுப் படங்கள்: மூன்றையும் ஒரே கேமராவில் செய்பவர்கள் பேசலாம்

தூரநோக்கி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 14 வருடமாகப் படம் எடுத்துத்தான் பிழைக்கிறேன். வருடத்தில் பாதி நாள் பயணத்திலேயே போகிறது. விடுதி அறைகள், காலணி, கைக்கடிகாரம், தொழிற்சாலை இயந்திரங்கள், ஆண்டறிக்கைக்கு அதிகாரிகளின் முகங்கள் என்று கூலிக்கு எடுப்பது ஒரு பக்கம். மருத்துவ முகாம், பள்ளி, குடிநீர்த் திட்டம் என்று தொண்டு அமைப்புகளுக்கு இலவசமாக எடுத்துக் கொடுப்பது இன்னொரு பக்கம். இதற்கு வருடத்தில் ஆறேழு வாரம் ஒதுக்குகிறேன். முதலாவதில் வரும் காசில்தான் இரண்டாவது நடக்கிறது.

போன மாதம் பழைய ஹார்டு டிஸ்க்குகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். விளம்பர வேலை ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தம், மாடலின் ஒப்புதல் படிவம், உரிமம் முடியும் தேதி எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு காலணி விளம்பரத்தில் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்த ஒருவரின் முழுப் பெயரும் கையெழுத்தும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் படத்தை எந்தெந்த நாட்டில், எத்தனை மாதம் பயன்படுத்தலாம், அச்சிலா இணையத்திலா என்பது வரை எழுதியிருக்கிறது. அடுத்த ஃபோல்டர் தொண்டு வேலை. கிணற்றடியில் ஒரு சிறுமி நேராக என்னைப் பார்க்கிறாள். நான் எடுத்த நல்ல படங்களில் அதுவும் ஒன்று. கோப்பின் பெயர் 'சிறுமி, கிணறு, காலை'. அவள் பெயர் என்னிடம் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு வந்த காலுக்கு நான் கொடுத்த மரியாதையை, காசு வாங்காமல் முகத்தைக் கொடுத்தவளுக்குக் கொடுக்கவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு வகை வேலையும் செய்பவர்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தத் திரி. புதிதாக வருபவர்கள் பயணம், கட்டணம் பற்றிக் கேட்டாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மழைமுகில் எழுதியது:

அண்ணா, நான் இரண்டு வருடமாக ஒரு ஸ்டுடியோவில் உதவியாளராக இருக்கிறேன். தொண்டு அமைப்புகளுக்குப் படம் எடுப்பதுதான் கனவு. நேராக அதற்கே போய்விட முடியாதா? விளம்பர வேலையில் இறங்கினால் கண் கெட்டுவிடும் என்று இங்கே மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அப்புறம், பெரிய வேலைகளுக்குக் கட்டணம் எப்படிப் போடுகிறார்கள்? நாள் கணக்கா, படக் கணக்கா? யாரிடம் கேட்டாலும் தெளிவாகச் சொல்வதில்லை.

தூரநோக்கி எழுதியது:

தம்பி, கண் கெடாது. என் அனுபவம் நேர்மாறு. ஒரு வாசனைத் திரவியப் புட்டியை எட்டு மணி நேரம் எடுத்திருக்கிறேன். கண்ணாடியில் வெளிச்சம் எங்கே விழுந்து எங்கே திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். ஒரே ஒரு ஜன்னல் உள்ள வார்டில், ஃபிளாஷ் போடாமல், நோயாளியைத் தொந்தரவு செய்யாமல் எங்கே நின்றால் முகம் தெரியும் என்று இன்று உடனே தெரிகிறதென்றால் அதற்கு அந்தப் புட்டிதான் காரணம்.

பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்டியோ சல்காடோவை எடுத்துக்கொள். 1981 மார்ச் 30 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டபோது அவர் அங்கே இருந்தார். ரீகன் பதவியேற்ற முதல் 100 நாட்களைப் படமெடுக்கும் பத்திரிகை வேலை அது. அந்தப் படங்களை விற்ற காசில்தான் ஆப்பிரிக்காவுக்குத் தன் சொந்தத் திட்டமாக முதன்முறை போனார். சில ஆண்டுகள் கழித்து, 1984இல், ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் வந்த பஞ்சத்தைப் படமெடுக்க எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு போனார். கூலிக்குச் செய்த வேலையே வழி திறந்துவிட்டது.

கட்டணத்துக்கு வருகிறேன். படமெடுக்கும் நாளுக்கான கூலி தனி. அந்தப் படத்தைப் பயன்படுத்தும் உரிமத்துக்கான கட்டணம் தனி. பயணம், உதவியாளர், வாடகைக் கருவி எல்லாம் செலவுக் கணக்கில் வரும். இதில் பலர் கோட்டை விடுவது இரண்டாவதில். ஒரே படம், ஒரு நிறுவனத்தின் உள் அறிக்கையில் வந்தால் ஒரு விலை, பல நாடுகளில் சாலையோரப் பலகையில் இரண்டு ஆண்டு நின்றால் வேறு விலை. எங்கே, எவ்வளவு காலம், எந்த ஊடகத்தில் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதே. 'எல்லா உரிமையும் என்றென்றைக்கும்' என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடிப் படி. 1947இல் காப்பா, கார்ட்டியே பிரெஸ்ஸோன், ராட்ஜர், சீமோர் எல்லாம் சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக்காரர்களின் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியதற்கு முக்கியக் காரணமே படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதுதான்.

பயணத்தில் நான் அடிபட்டுக் கற்றதையும் சொல்கிறேன். ஒரு தீவில் இரண்டு நாள் படப்பிடிப்பு. கார்டுகளும், அவற்றின் நகல் இருந்த டிஸ்க்கும் ஒரே பையில். படகிலிருந்து இறங்கும்போது பை கடலில் விழுந்தது. என் செலவிலேயே திரும்பப் போய் எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து மூன்று நகல், இரண்டு வேறுவேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று இன்னொருவர் பையில். வீடு வந்து சேரும்வரை எந்தக் கார்டையும் அழிப்பதில்லை.

விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வாட்-மணியில் சொல்வார்கள், 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஸ்டுடியோ விளக்குகளின் பெரிய பேட்டரிகள் இங்கேதான் மாட்டும். நிறையக் கருவிகளோடு நாடு விட்டு நாடு போனால் ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் எடுத்துக்கொள்வது நல்லது, கருவியைத் தற்காலிகமாக வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர அது உதவும். ஓராண்டு செல்லும். ஒவ்வொரு எல்லையிலும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் முத்திரை வாங்க வேண்டும். நடுராத்திரி விமானம் என்று அவசரத்தில் ஒரு முத்திரையை விட்டுவிட்டால், கருவியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள்.

கருஞ்சட்டம் எழுதியது:

தூரநோக்கி சார், நான் விளம்பர ஏஜென்சியில் கலை இயக்குநர். இரண்டு விஷயங்களில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

ஒன்று, தொண்டு வேலையை முழுக்க இலவசமாகச் செய்வது. பெரிய அமைப்புகளிடம் படத்துக்கு என்றே பட்ஜெட் இருக்கிறது. அச்சகத்துக்கும் இணையதளம் செய்பவருக்கும் காசு கொடுக்கிறார்கள், படமெடுப்பவர் மட்டும் ஏன் சும்மா வர வேண்டும்? சும்மா வருபவரை நம்பியே பழகிவிட்டால், மழைமுகில் போல நாளை வருபவருக்கு அந்த வேலையில் சோறே இருக்காது. வசதி இருக்கிறவன் மட்டுமே துயரத்தைப் படமெடுக்க முடியும் என்ற நிலை நல்லதில்லை. குறைத்து வாங்குங்கள், ஆனால் முழுக் கட்டணத்தையும் பில்லில் எழுதி, தள்ளுபடியைத் தனி வரியில் காட்டுங்கள். அந்த வேலையின் மதிப்பு என்ன என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இரண்டு, ஒப்புதல் படிவம். எங்கள் மாடலுக்கு ஏஜென்ட் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். முகாமில் வரிசையில் நிற்கும் ஒரு தாயிடம் அச்சிட்ட தாளை நீட்டினால் அது என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மருந்து வாங்கக் கையெழுத்து என்றுதான் நினைப்பாள். அந்தத் தாள் உங்களைத்தான் காப்பாற்றும், அவளை இல்லை.

நேர்கோடு எழுதியது:

கருஞ்சட்டம் சொன்ன இரண்டாவது விஷயம் பற்றி எழுதவே உள்ளே வந்தேன். நான் ஒரு தொண்டு அமைப்பின் தகவல் தொடர்புப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவள். படிவம் மட்டும் போதாது என்பது உண்மை. அதற்காகக் கேட்காமலே எடுக்கலாம் என்று ஆகிவிடாது.

நாங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த முறையைச் சொல்கிறேன். மருந்து கொடுப்பவரோ உணவு கொடுப்பவரோ ஒப்புதல் கேட்கக் கூடாது. அவரிடம் யாரும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். வேறு ஒருவர், அவர்கள் மொழி தெரிந்தவர், உதவி கிடைத்து முடிந்த பிறகு கேட்க வேண்டும். கையில் பழைய சுவரொட்டி ஒன்றும், போனில் எங்கள் இணையதளமும் இருக்கும். 'உங்கள் முகம் இவ்வளவு பெரிதாக, இப்படி வரும், தெரியாத ஊரில் தெரியாதவர்கள் பார்ப்பார்கள்' என்று காட்டுவோம். அதைப் பார்த்த பிறகு எத்தனை பேர் மனம் மாறினார்கள் தெரியுமா? எழுதத் தெரியாதவர் சம்மதத்தைக் குரலில் பதிவு செய்வோம். மறுநாள் போய் இன்னொரு தடவை கேட்போம். இரண்டாவது நாள் வரும் 'சரி'தான் எங்களுக்குச் சரி.

குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை, எச்ஐவி உள்ள குழந்தை போன்றவர்களின் பெயரையும் முகத்தையும் மறைக்க வேண்டும் என்று யுனிசெஃபின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு, பலர் இதை மறந்துவிடுவார்கள்: படக் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ் விவரம். முகத்தை மறைத்துவிட்டு வீட்டின் இருப்பிடத்தை உலகத்துக்கே கொடுத்த கதையெல்லாம் நடந்திருக்கிறது. வெளியிடும் முன்பு அதை நீக்குங்கள்.

ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பான கான்கார்ட் 2006இல் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டது. படத்தில் இருப்பவரின் கண்ணியம், முழு உண்மை, அவருடைய முழுப் புரிதலோடு கூடிய பங்கேற்பு என்பவைதான் அதன் சாரம். ஆனால் தூரநோக்கி தொட்ட இடம் அதைவிட நடைமுறையானது. உரிமம் முடியும் தேதி. காலணி விளம்பரம் இரண்டு ஆண்டில் இறங்கிவிடும். எங்கள் கோப்பில் இருக்கும் குழந்தையின் படத்துக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் எங்கள் அறிக்கையில் பசியோடுதான் இருப்பாள். இத்தனை வருடம் அந்த வேலையில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று இருக்கிறது.

பழையஃபிலிம் எழுதியது:

எனக்கு வயது 70க்கு மேல். இருட்டறையில் பாதி வாழ்க்கை போனது. பெயர் எழுதுவது பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டு பேரை நினைவுபடுத்துகிறேன்.

லூயிஸ் ஹைன் 1908இல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படமெடுக்கத் தொடங்கினார். ஆலைகளுக்குள் வேறு ஏதேதோ வேலையாக வந்தவர் போல நுழைவார். குழந்தையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து அளப்பார், எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று. பையில் கையை விட்டபடியே பெயர், வயது, எத்தனை மாதமாக வேலை என்று குறித்துக்கொள்வார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அந்தத் தொகுப்பு 5,000க்கும் மேற்பட்ட படங்களாக இருக்கிறது. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் நிலையான மத்தியச் சட்டம் அங்கே 1938இல்தான் வந்தது. அதுவரை நடந்த வாதத்தில் அந்தப் படங்களை 'பொய்' என்று தள்ளிவிட முடியாததற்கு அந்தக் குறிப்புகள் ஒரு பெரிய காரணம் என்பேன்.

இன்னொருவர் டொரோதியா லாங்கே. 1936இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் அவர் எடுத்த தாயும் குழந்தைகளும் படம் எல்லாருக்கும் தெரியும். அரசு வேலையாக எடுத்தது, அவருக்கும் தனியாக உரிமத்தொகை இல்லை. படம் வெளியானதும் அந்த முகாமுக்கு உணவு போனது. அந்தத் தாய் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவர் பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் தானே எழுதினார். ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது. 42 வருடம் அவர் உலகத்துக்கு ஒரு முகம் மட்டுமே. அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது.

லாங்கே மனமில்லாதவர் என்று நான் சொல்லவே மாட்டேன். மழையில், நெடுந்தூரப் பயணத்தின் கடைசியில், களைத்துப்போய் எடுத்தவர். சல்காடோவையும்கூட 2003இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இதே இடத்தில்தான் விமர்சித்தார்: துயரத்தில் இருப்பவர்களுக்கு அவர் படக்குறிப்புகளில் பெயர் இல்லை என்று. அதே சல்காடோ 1998இல் மனைவி லீலியாவோடு சேர்ந்து, மொட்டையாகக் கிடந்த குடும்பப் பண்ணை நிலத்தில் காடு வளர்க்க ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே 20 லட்சத்துக்கும் மேல் மரங்கள் நட்டிருக்கிறார்கள். அவ்வளவு நல்ல மனிதருக்கும் அந்தக் கேள்வி வந்தது. அதனால் தூரநோக்கி, நீங்கள் உடைந்துபோக வேண்டாம். குறித்துக்கொள்ளத் தொடங்குங்கள், போதும்.

தூரநோக்கி எழுதியது:

ஐயா, நன்றி. ஹைனின் பொத்தான் கணக்கு என் மனதில் நிற்கும்.

கருஞ்சட்டம் சொன்ன பில் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். இனி தள்ளுபடியைத் தனி வரியில் எழுதுவேன். இலவசமாகப் போகும்போது இன்னொரு நஷ்டமும் உண்டு, அதை முதல் பதிவில் எழுதக் கூச்சமாக இருந்தது. சில வருடம் முன்பு ஒரு அமைப்புக்குத் தடுப்பூசி முகாமில் படமெடுத்தேன். காசு வாங்கவில்லை என்பதால் ஒப்பந்தமும் போடவில்லை. ஊசி வலியில் ஒரு குழந்தை அழுத படம் அதில் இருந்தது. எட்டு மாதம் கழித்து அதே முகம் நன்கொடைச் சுவரொட்டியில் வந்தது, பசியில் அழுவதாக. நான் கூப்பிட்டுக் கேட்டேன். 'நல்ல காரியத்துக்குத்தானே' என்றார்கள். என்னிடம் காட்ட ஒரு தாள் இல்லை. ஒரு கடிகார நிறுவனம் என் படத்தை இப்படி மாற்றிப் பயன்படுத்தியிருந்தால் அன்றே வக்கீலிடம் போயிருப்பேன்.

சரி, இப்போது நான் தயாரித்திருக்கும் ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் புதியவை. படம் மூன்று ஆண்டுக்கு மட்டும், அதற்கு மேல் என்றால் படத்தில் இருப்பவரிடம் மறுபடி கேட்க வேண்டும். படக்குறிப்பை மாற்றுவதென்றால் என் எழுத்து அனுமதி வேண்டும். எடுத்த ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட படம் போய்ச் சேர வேண்டும். கடைசி விஷயத்துக்குப் பையிலேயே ஒரு சின்ன பிரிண்டர் வைத்திருக்கிறேன், பேட்டரியில் ஓடுவது. ஒரு அஞ்சலட்டை அளவுப் படம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். 2009இல் தொடங்கிய ஹெல்ப் போர்ட்ரெய்ட் இயக்கம் முழுக்க இந்த ஒரு எண்ணத்தில்தான் நிற்கிறது: படத்தை எடுப்பதற்கில்லை, கொடுப்பதற்கு. நன்றாக உடுத்தி, தலை வாரி, அவர்கள் விரும்பும்படி நிற்கச் சொல்லி எடுத்து, படத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

மழைமுகில் எழுதியது:

அண்ணா, அப்படி அவர்கள் விரும்பும்படி நிற்க வைத்தால் அது உண்மையான படமா? துயரத்தைக் காட்டாவிட்டால் யார் உதவி செய்வார்கள்? கேள்வி தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

நேர்கோடு எழுதியது:

தப்பில்லை தம்பி. நானும் கேட்ட கேள்விதான். துயரத்தை எடு. எடுக்காமல் விட்டால் நடந்ததே இல்லை என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஆனால் அதே ஆளை அவர் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போதும் எடு. அழுத தாய் அடுத்த நிமிடம் குழந்தைக்கு முகம் கழுவிவிடுவாள், பக்கத்தில் இருப்பவளை அதட்டுவாள். எட்டு படம் அனுப்பினால் அதில் ஆறு அப்படி இருக்கட்டும். அழும் படத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று தெரிந்தால் அதை அனுப்பாமல் விடும் தைரியமும் வேண்டும்.

ஓரப்பார்வை எழுதியது:

உறுப்பினராகி நான்கு வருடமாகப் படிப்பதோடு சரி. இது என் முதல் பதிவு. நான் புகைப்படக்காரன் இல்லை. நீங்கள் பேசும் படங்களில் ஒன்றில் இருந்தவன்.

எனக்கு ஏழு வயதில் வெள்ளம் வந்து வீடு போய்விட்டது. நிவாரண முகாமில் ஒருவர் கேமராவோடு வந்தது ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு தொண்டு அமைப்பின் பழைய சிற்றேட்டைப் புரட்டும்போது என் முகத்தைப் பார்த்தேன். கீழே 'பெற்றோரை இழந்த சிறுவன்' என்று எழுதியிருந்தது.

அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தார். படம் எடுத்த அன்று என் பக்கத்திலேயே நின்றார். அந்தப் படத்தில் என் தோள் மேல் நான்கு விரல்கள் இருக்கின்றன, உற்றுப் பார்த்தால் தெரியும். அது அம்மாவின் கை. அந்தக் கைக்கு அப்பால் படத்தை வெட்டிவிட்டார்கள்.

அந்த அமைப்பு கொடுத்த அரிசியில்தான் மூன்று மாதம் சாப்பிட்டோம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை மனதாரச் சொல்கிறேன். அம்மா ஐந்து வருடம் முன்பு போய்விட்டார். எங்களிடம் இருந்த படங்கள் எல்லாம் வெள்ளத்தோடு போனவை. அம்மா இளமையில் எப்படி இருந்தார் என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம்கூட இல்லை. வெட்டாத படம் எங்கேயாவது இருக்குமா என்று கேட்கத்தான் இன்று எழுதுகிறேன். இந்தத் திரியைப் படிக்கும் வரை அப்படி ஒன்று இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பழையஃபிலிம் எழுதியது:

தம்பி, இருக்க வாய்ப்பு இருக்கிறது. நம்பிக்கையோடு தேடுங்கள்.

அந்தக் காலத்துப் படம் என்றால் ஃபிலிமில் எடுத்ததாக இருக்கும். சிற்றேட்டுக்காக வெட்டுவது அச்சுப் படத்தில்தான், நெகட்டிவில் கை வைக்க மாட்டார்கள். நெகட்டிவில் முழுச் சட்டகமும் அப்படியே இருக்கும். அதோடு, ஒரு முகத்தை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுப் போகிறவர் யாரும் இல்லை. 36 படம் கொண்ட சுருளில் உங்களுக்கு முன்னும் பின்னும் நான்கைந்து சட்டகமாவது இருக்கும். அதில் அம்மா முழுதாக நிற்கலாம். ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்டு வைப்போம், காண்டாக்ட் ஷீட் என்போம். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தச் சிற்றேட்டின் உள்ளட்டையிலோ கடைசிப் பக்கத்திலோ படமெடுத்தவர் பெயரும் ஒரு எண்ணும் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் இருந்தால் அது ஆவணக் காப்பக எண்ணாக இருக்கும். அதைக் குறிப்பிட்டு அமைப்பின் காப்பகத்துக்கு ஒரு கடிதம், படமெடுத்தவருக்கு ஒரு கடிதம். அவர் இல்லாவிட்டாலும் குடும்பத்தார் நெகட்டிவை வைத்திருப்பார்கள். இந்தத் தொழிலில் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை.

தூரநோக்கி எழுதியது:

ஓரப்பார்வை, கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். நெகட்டிவ் கிடைத்தால் ஸ்கேன் செய்வதும், ஈரத்தில் கெட்டிருந்தால் சரிசெய்வதும் என் பொறுப்பு.

கிணற்றடிச் சிறுமியின் படத்தை அச்சிட்டுவிட்டேன். அந்த ஊருக்கு வழிகாட்டியாக வந்தவரின் எண் பழைய போனில் இருந்தது, பேசிவிட்டேன். அவளுக்கு இப்போது 19 வயது இருக்கும் என்கிறார். அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒரு விடுதி வேலை இருக்கிறது, இரண்டு நாள் கூட்டிப் போட்டிருக்கிறேன்.

ஓரப்பார்வை எழுதியது:

ஐயா, பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு எண் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு, அப்புறம் 17. படமெடுத்தவரின் பெயரும் இருக்கிறது. இத்தனை வருடம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் இடது கையில் நெளிந்துபோன வளையல் ஒன்று இருக்கும். அடையாளத்துக்கு அதையும் எழுதியிருக்கிறேன்.